கொக்கியில் தெரிந்த சிவப்புக் கோடு

சபையில் மைக்கைக் கையில் கொடுத்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நான்கு தடவை எழுந்து நின்று, நான்கு தடவையும் "ஸ்தோத்திரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தான் எழுதிக் கொடுக்கிறேன். வாசிக்கிற உங்கள் எல்லாருக்கும், நம்மை இதுவரை உயிரோடு வைத்திருக்கிறவருடைய பெயரால் என் அன்பு. ஆண்டவர் எனக்குச் செய்த பெரிய நன்மையைத்தான் சொல்லப்போகிறேன். கூடவே நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லியாக வேண்டும். அதை மறைத்துவிட்டால் இது பாதிச் சாட்சிதான்.

என் பெயர் எஸ்தர். ஊரப்பாக்கத்தில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் வாடகை வீட்டில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் சாமுவேல், பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் பதினோரு வருஷம் வேலை பார்த்தார். 2006-இல் அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். மூன்று மாதம் வீட்டிலேயே இருந்தார். சும்மா இருக்க முடியாமல் என் பாத்திரங்களை எல்லாம் இடம் மாற்றி அடுக்கி, எனக்குப் பைத்தியம் பிடிக்க வைத்தார். அப்புறம் ஒரு கான்டிராக்டரிடம் கயிற்று வேலைக்குச் சேர்ந்தார். அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பைத்தியம் பிடித்தது.

ஜி.எஸ்.டி. ரோட்டில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த நேரம் அது. மொட்டை மாடியிலிருந்து கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்தபடியே இறங்கிக் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். புதுக் கட்டடம் என்றால் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சிமெண்டையும் பெயிண்டையும் சுரண்ட வேண்டும். ஏழு மாடி உயரத்தில் ஒரு மனுஷன், ஒரு கயிறு, ஒரு பக்கெட். நான் கீழே நின்று ஒரே ஒரு தடவை பார்த்தேன். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

என் பயத்தைத் தெளிய வைக்கிறேன் என்று அவர் தன் சாமான்களை வீட்டுக்குக் கொண்டு வந்து காட்டினார். அதில் ஒரு வளையம் இருந்தது. அதற்குக் காராபினர் என்று பெயராம். கயிற்று வேலைக்காரர்கள் லாக் கொக்கி என்பார்கள். உள்ளங்கை அளவுதான். கயிற்றில் மெதுவாக இறக்கிவிடுகிற கருவியையும் இடுப்பு பெல்ட்டையும் சேர்த்துப் பிடிப்பது அதுதான். அதன் ஒரு பக்கம் சின்னக் கதவு மாதிரி உள்ளே திறக்கும். விட்டால் ஸ்பிரிங்கில் தானே மூடிக்கொள்ளும். கதவின் மேல் ஒரு திருகு. அதைச் சுற்றி முழுக்க ஏற்றினால்தான் கதவு பூட்டிக்கொள்ளும். ஏறவில்லை என்றால் அடியில் ஒரு சிவப்புக் கோடு தெரியும்.

"உன் கம்மலுக்குத் திருகாணி மாதிரி எனக்கு இது. திருகாணி கயண்டா கம்மல் பூடும். இது கயண்டா ஆளு பூடுவான்," என்று சொல்லிச் சிரித்தார். அன்று அவர் தட்டில் மீன் துண்டு வைக்கவில்லை. வெறும் குழம்புதான்.

கொஞ்ச நாளில், வேறு எங்கேயோ கயிற்று வேலை செய்த ஒருவர் விழுந்துவிட்டார் என்று கேள்விப்பட்டோம். அவர் யாரென்றுகூட எங்களுக்குத் தெரியாது. ஆனாலும் அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.  வேலையை விடுங்கள் என்று எத்தனை தடவை சொன்னேன் என்று கணக்கில்லை. "வுட்டுட்டு இன்னா பண்றது? மறுபடியும் உன் பாத்திரத்த அடுக்கவா?" என்பார்.

உபவாச ஜெபத்தில் நம் போதகர் ஜெபித்துக் கொடுக்கிற எண்ணெய் உங்களுக்குத் தெரியும். சின்ன பிளாஸ்டிக் குப்பியில் என்னிடமும் இருந்தது. காய்ச்சல் என்றால் நெற்றியில் தடவுவோம். ஒரு திங்கட்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் குளிக்கப் போயிருந்தபோது, நான் அந்தக் கொக்கிகளை எடுத்து ஒவ்வொன்றின் திருகிலும் கதவு மூட்டிலும் ஒரு சொட்டு விட்டு ஜெபித்தேன். "ஆண்டவரே, இதை நீரே பிடித்துக்கொள்ளும்" என்று அழுதேன். மனசு லேசானது. அன்று நன்றாகத் தூங்கினேன். அப்புறம் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அது வழக்கமாகிவிட்டது.

அவருக்கும் தெரியும். வாசனை காட்டிக் கொடுத்துவிட்டது. கோபப்படவில்லை. சொல்லப்போனால் சந்தோஷப்பட்டார். சிமெண்ட் தூசியில் இறுகிக் கிடந்த திருகு எல்லாம் இப்போது விரல் பட்டாலே சுற்றுகிறதாம். "உன் ஜெபம் நல்லா வேல செய்து எஸ்தரு, வெண்ண மாதிரி சுத்துது," என்றார். நானும் பெருமையாகத் தலையை ஆட்டினேன். இரண்டு பேருக்கும் அறிவு எங்கே போனதோ!

அடுத்த வருஷம், எனக்கே அவர் வேலை செய்த கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை கிடைத்தது. தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கிற ஏழு மாடிக் கட்டடம். அவர் வெளியே துடைப்பார், நான் உள்ளே துடைப்பேன். அந்தக் கண்ணாடி ஒரு மாதிரி. பகலில் உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே எல்லாம் தெரியும். வெளியே இருப்பவர்களுக்குத் தங்கள் முகம்தான் தெரியும். நான் நிற்பது தெரியாமல் என் வீட்டுக்காரர் கண்ணாடியைப் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொண்டதை எல்லாம் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் ரயிலில் அதைச் சொல்லிக் கிண்டல் செய்தால், பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வெட்கப்படுவார்.

அவர் கூட வேலை செய்கிற சலீம் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஒரு திங்கட்கிழமை கேன்டீனில், "அக்கா, சாமு அண்ணனுக்குக் குடுக்கறியே, எனக்கும் ஒரு சொட்டு வுடுக்கா. என் திருகு சுத்தவே மாட்டேங்குது. எந்தச் சாமி எண்ணயா இருந்தா இன்னா," என்று தன் கொக்கியை நீட்டினார். விட்டேன். அவருக்காகவும் ஒரு வரி ஜெபித்தேன்.

2007 அக்டோபர். ஒரு வியாழக்கிழமை. மழைக்காலம் தொடங்குகிற சமயம். காலையில் வெயில் சுள்ளென்று அடித்தது. ஆறாவது மாடியில் பெரிய மீட்டிங் ஹால் ஒன்று இருக்கிறது. அதைத் துடைக்கச் சொன்னார்கள். ஆள் யாரும் இல்லை, விளக்கும் போடவில்லை. தரையைத் துடைத்துக்கொண்டே கண்ணாடிப் பக்கம் வந்தேன். மேலிருந்து என் வீட்டுக்காரர் கால் இறங்கி வந்தது. அப்புறம் இடுப்பு. அப்புறம் முகம். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. நான் சிரித்தேன். அவர் தலையைத் தூக்கி, மேலே சோப்பு போட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பார்த்தேன். அவர் இடுப்பில் இருந்த கொக்கியில் சிவப்புக் கோடு.

திருகு முழுக்கக் கீழே இறங்கியிருந்தது. அது மட்டும் இல்லை. கதவு உள்பக்கமாகத் திறந்தபடியே நின்றது. ஸ்பிரிங் அதை மூடவில்லை. மூட்டில் கறுப்பாகப் பசை மாதிரி ஏதோ அப்பியிருந்தது. வழக்கமாக இன்னொரு கயிறும் இருக்கும், பாதுகாப்புக்கு. அன்று அது, துடைத்து முடித்த பக்கத்துக் கண்ணாடிப் பட்டையிலேயே தொங்கியது. இந்தப் பக்கத்தில் இது ஒரு பட்டைதான் பாக்கி என்று அதை நகர்த்தாமல் விட்டிருக்கிறார்கள்.

அவர் சொல்லிக் கேட்டதால் எனக்கு ஒரு விஷயம் தெரியும். ஆளின் கனம் கயிற்றில் இருக்கும்வரை கொக்கி இழுபட்டு நேராக நிற்கும். கயிறு தொய்ந்தால் கொக்கி புரளும். புரண்டால், திறந்த கதவு வழியாகக் கருவி நழுவி வெளியே வந்துவிடும். அந்தக் கட்டடத்தில் ஒவ்வொரு மாடிக்கும் ஒரு அடி அகலத்துக்குச் சிமெண்ட் திட்டு உண்டு. என் வீட்டுக்காரர் ஒவ்வொரு திட்டிலும் காலை ஊன்றி நின்று, இரண்டு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, பின்னால் சாய்ந்து மறுபடி இறங்குவார். திட்டில் நின்றால் கயிறு தொய்யும். அப்புறம் பின்னால் சாய்ந்தால் அவரைப் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இருக்காது. அந்தத் திட்டு அவர் காலுக்குக் கீழே இரண்டடியில் இருந்தது.

கத்தினேன். தடித்த கண்ணாடி. என் சத்தம் எனக்கே திரும்பி வந்தது. இரண்டு கையாலும் தட்டினேன். அது அவருக்குக் கேட்டிருக்கிறது. ஆனால் திரும்பவில்லை. ஆபீஸ் பிள்ளைகள் உள்ளேயிருந்து கண்ணாடியைத் தட்டி விளையாடுவது வழக்கம். யார் தட்டினாலும் பார்க்கக் கூடாது, கவனம் சிதறும் என்பது அவர்கள் சூப்பர்வைசர் ஏழுமலை அண்ணன் போட்ட சட்டம். என் மனுஷன் சட்டத்தை மதிக்கிற மனுஷன்! போன் செய்யலாம் என்றால், எங்கள் போனை எல்லாம் காலையிலேயே கீழே செக்யூரிட்டி வாங்கி வைத்துவிடுவார்கள். மாடிக்கு ஓடினால் நான் போய்ச் சேர்வதற்குள் அவர் திட்டில் நிற்பார்.

முட்டி போட்டேனா, விழுந்தேனா, தெரியவில்லை. தரையில் இருந்தேன். ஈரத் தரை. உபவாசம் இருந்து, பாட்டுப் பாடி, முறையாகச் செய்கிற ஜெபம் இல்லை அது. "ஆண்டவரே, என் சத்தம் அவருக்குக் கேட்காது. எப்படியாவது என்னை அவர் கண்ணுக்குக் காட்டும். எனக்கு வேற யாரும் இல்ல." அவ்வளவுதான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அவர் திட்டில் கால் வைத்தார். கயிறு தொய்ந்தது. கொக்கி மெல்லச் சாய்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பாட்டிலைத் திறந்தார்.

அந்த நேரம் ஹால் இருண்டது. முதலில் எனக்குக் கண் இருட்டுகிறது என்று நினைத்தேன். இல்லை. வெளியே வெயில் போய்விட்டது. வானத்தில் கருமேகம் ஏறி, ரோட்டில் போகிற வண்டிகள் எல்லாம் மங்கிப் போயின. அவர் பாட்டிலை மூடினார். இடுப்பில் சொருகினார்.

பின்னால் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அந்த ஆபீஸில் வேலை பார்க்கிற நஸ்ரின் மேடம். "என்னக்கா, இருட்டுல உட்கார்ந்து என்ன பண்றீங்க? மீட்டிங் இருக்கு," என்று சொல்லிக்கொண்டே ஒரே வரிசையாக எல்லா ஸ்விட்சையும் போட்டார். ஹால் முழுக்க வெள்ளை வெளிச்சம்.

வெளியே என் வீட்டுக்காரர் முகம் மாறியது. வெளியே இருட்டாகவும் உள்ளே வெளிச்சமாகவும் இருந்தால் அந்தக் கண்ணாடி தலைகீழாக வேலை செய்யும். அது எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவர் என்னைப் பார்த்தார். தன் முகம் இருந்த இடத்தில் என் முகத்தைப் பார்த்தார். ஒரு நொடி பல் தெரியச் சிரித்தார்.

நான் எழுந்து, காதில் இருந்த திருகாணியைப் பிடித்துத் திருகிக் காட்டினேன். அவர் இடுப்பை நோக்கி விரலை நீட்டினேன். மறுபடி காதைத் திருகினேன். சிரிப்பு போனது. குனிந்து பார்த்தார்.

கருவி அந்தக் கதவின் வாய்க்கே வந்துவிட்டிருந்தது. இடது கையால் கயிற்றை இறுக்கிப் பிடித்து, உடம்பைக் கண்ணாடியோடு ஒட்டினார். வலது கை கட்டைவிரலால் கருவியை உள்ளே தள்ளினார். கதவை மூடினார். அது ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. நகத்தால் நெம்பி மூடினார். திருகைச் சுற்றினார், சுற்றினார், சிவப்புக் கோடு மறையும்வரை சுற்றினார். அப்புறம் நெற்றியைக் கண்ணாடியில் வைத்தார். நான் இந்தப் பக்கம் என் நெற்றியை வைத்தேன். நஸ்ரின் மேடம் என் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

அவர் கீழே இறங்கிச் சேர்ந்தபோது நானும் கீழே இருந்தேன். ஏழுமலை அண்ணன் கொக்கியைக் கழற்றி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவி மோந்து பார்த்தார்.

"இன்னாடா இது, எண்ண வாசன அடிக்குது? எண்ணயும் தூசியும் சேந்து களி மாதிரி கீது. அதான் கதவு மூடல. திருகு வழவழன்னு கீது, ஆட்ற ஆட்டத்துல தானா கயண்டுகினு வந்துகீது. எவன்டா எண்ண வுட்டவன்?"

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தாண்ணா. துரு புடிச்சிடப் போவுதுன்னு..." என்றார்.

 எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று திருகாணி வழுக்கிக் கழன்று விழும் என்பது எந்தப் பொம்பளைக்குத் தெரியாது? நானே இரண்டு திருகாணியைத் தொலைத்திருக்கிறேன். அந்த அறிவு கொக்கி விஷயத்தில் எனக்கு வரவில்லை. அவர் பொய்க்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டிருக்கலாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் கட்டடத்தின் அந்தப் பக்கம் சலீம் தொங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு நான் எண்ணெய் விட்டது என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.

"அண்ணா, அவர் இல்ல, நான். ஜெபம் பண்ண எண்ண. சலீம் கொக்கிலயும் வுட்டுகீறேன்," என்றேன்.

ஏழுமலை அண்ணன் என்னைத் திட்டக்கூட நிற்கவில்லை. விசில் அடித்துக்கொண்டே அந்தப் பக்கம் ஓடினார். சலீமுக்கு இரண்டாவது கயிறு இருந்தது, நல்லவேளை. பத்திரமாக இறக்கினார்கள். அவர் கொக்கியிலும் திருகு பாதி கழன்று சிவப்புக் கோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சலீம் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான்தான கேட்டேன், வுடுக்கா," என்றார். அதற்குத்தான் நான் வாய்விட்டு அழுதேன்.

அப்புறம் ஏழுமலை அண்ணன் எல்லார் எதிரிலும் சொன்னார்: "இந்தம்மா மேல மட்டும் பழி போடக் கூடாது. காலைல நான் கொக்கியத் தொட்டுப் பாத்துருக்கணும், பாக்கல. ரெண்டாவது கவுற நவுத்தச் சொல்லிருக்கணும், சொல்லல." அந்த இரண்டு கொக்கியையும் அன்றே தூக்கிப் போட்டுவிட்டார்.

இரண்டு வாரம் என்னால் ஜெபிக்க முடியவில்லை. சபைக்கு வந்தேன், உங்களோடு உட்கார்ந்தேன், உதடு மட்டும் அசைந்தது. அந்தக் குப்பியைப் பார்த்தாலே கோபம் வந்தது. பிடித்துக்கொள்ளும் என்றுதானே கேட்டேன்? அந்தப் பிடியையே வழுக்க வைத்துவிட்டேனே! கடைசியில் போதகரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன்.  அவர் மெதுவாக, "போன மாசம் ஒரு தம்பியோட ஆட்டோவுக்கு ஜெபிச்சேன்மா. பிரேக்குல ஊத்தினேனா, ஹேண்டில்ல ஊத்தினேனான்னு ஞாபகம் இல்ல," என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார். அந்தத் தம்பி வீட்டுக்கு நேராகப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். ஹேண்டிலில்தான் ஊற்றியிருந்தாராம். அன்று வீட்டுக்கு வரும் வழியில், இரண்டு வாரத்துக்குப் பிறகு, தனியாகச் சிரித்தேன். சிரித்த கையோடு ஜெபமும் வந்துவிட்டது.

நான் யோசித்துப் பார்த்தேன். மாதக்கணக்கில் அழுது எண்ணெய் விட்டபோது நான் கேட்டது, எனக்குப் பயம் போக வேண்டும் என்று. பயம் போனது. கூடவே கொக்கியைப் பார்க்கிற பழக்கமும் போனது. அந்த ஈரத் தரையில் நான் கேட்டது, என்னை அவருக்குக் காட்டும் என்று. அது எனக்காகக் கேட்டது இல்லை. மேகம் வந்தது, விளக்கும் வந்தது. மழைக்காலத்தில் மேகம் வரத்தான் செய்யும், மீட்டிங் என்றால் விளக்குப் போடத்தான் செய்வார்கள் என்று என் தம்பி சொல்கிறான். இருக்கட்டும். அந்த நிமிஷத்தில் இரண்டும் சேர்ந்து வந்ததே, அதற்கு நான் யாருக்கு நன்றி சொல்வேன்? எனக்குத் தெரிந்தவருக்குத்தான் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் இன்னும் அதே வேலைதான் செய்கிறார். இரண்டாவது கயிறு இல்லாமல் இப்போது யாரும் இறங்குவதில்லை. திங்கட்கிழமை காலையில் நான் கொக்கிகளை வெந்நீரில் கழுவி, துணியில் பரப்பிக் காயவைக்கிறேன். ஒவ்வொன்றையும் திறந்து விடுகிறேன். "டக்" என்று மூட வேண்டும். தயங்கித் தயங்கி மூடினால் அது பைக்குள் போகாது, ஏழுமலை அண்ணனிடம் திரும்பிப் போகும். திருகை ஏற்றி, கதவை அமுக்கிப் பார்க்கிறேன். அதற்குப் பிறகுதான் ஜெபம். எண்ணெய் இப்போதும் உண்டு. ஆனால் அதை அவர் நெற்றியில்தான் தடவுகிறேன். மனுஷனுக்கு எண்ணெய் வழிந்தால் ஒன்றும் ஆகாது.

பயத்தோடு ஜெபிக்கிற சகோதரிகள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். வண்டி ஓட்டுகிறவர், கரண்ட் கம்பத்தில் ஏறுகிறவர், ராத்திரி ஷிஃப்ட் போகிறவர் என்று ஒவ்வொருவர் வீட்டிலும் ஒருவர் உண்டு. நம்பிக் கேளுங்கள், ஆண்டவர் கேட்கிறார். கேட்டுவிட்டு, கையால் தொட்டுச் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். என் சாட்சியில் உங்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். இப்போது உள்ளேயிருந்து எந்த ஆபீஸ் பிள்ளை விளையாட்டுக்குக் கண்ணாடியைத் தட்டினாலும் என் வீட்டுக்காரர் உடனே குனிந்து இடுப்பைப் பார்க்கிறார். ஏழுமலை அண்ணனே சட்டத்தை மாற்றிவிட்டார். பார்த்த பிறகு நிமிர்ந்து, கண்ணாடிக்கு ஒரு சலாம் வைக்கிறார். அவருக்கு அங்கே தன் முகம்தான் தெரிகிறது. அந்தப் பக்கம் யாரோ இருக்கிறார்கள் என்று தெரிந்துதான் வைக்கிறார்.